காயாவைக் காய வைக்காதே

1. மேசைமேல் கொட்டிய கன்றுகள்

ரங்கநாதன் சார் அன்றைக்கு நர்சரிக்குள் வந்தவர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. கையில் அவர் கடைப் பை இருந்தது. பட்டுப்புடவை போட்டுக் கொடுக்கிற நல்ல கெட்டித் துணிப்பை. அதை நேராக முதலாளி மேசைமேல் கவிழ்த்தார். உள்ளேயிருந்து விழுந்தது காய்ந்து சுள்ளியாகிப்போன செம்பருத்தியும் நந்தியாவட்டையும். வேரில் ஒட்டியிருந்த பாக்கெட் மண் சிதறி முதலாளியின் டீ டம்ளருக்குள் போயிற்று.

“இன்னா ஸ்ரீபால், நீ எனக்கு கன்னு வித்தியா, வெறகு வித்தியா?”

முதலாளி ஸ்ரீபால் டம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடுத்த பேச்சு எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பச்சையம்மாள். கூரம் பக்கம் விவசாயக் குடும்பம். வாலாஜாபாத் ரோட்டில் இருக்கிற இந்த நர்சரிக்கு மண் சலிக்கிற கூலியாகப் போனேன். நாட்டுச் செடிப் பிரிவின் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். ‘பேருக்கேத்த வேலை’ என்று சொல்லாத ஆள் இல்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, நீங்களாவது சொல்லாதீர்கள். இப்போது நர்சரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தென்னேரிப் பக்கத்து மலை எப்படிப் பச்சையானது என்று கேட்கிறார்கள். ஆளுக்கொரு கதை சொல்லி வைத்திருக்கிறார்கள். மந்திரித்த விதை என்றுகூட ஒருவர் சொன்னாராம். நடந்தது இதுதான்.

ரங்கநாதன் சாருக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை. தறிக்காரக் குடும்பம், பேச்சில் பாதி புடவையாகத்தான் இருக்கும். தென்னேரிக்கு அந்தப் பக்கம் ஒரு மொட்டைப் பாறைக் குன்று இருக்கிறது. மேலே சின்னதாக ஒரு பெருமாள் சன்னதி. படிக்கட்டு அவர் குடும்ப உபயம். படியின் இரண்டு பக்கமும் வருஷம் முழுக்கப் பச்சையாக ஏதாவது நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. எங்களுக்கு முன்னால் வேறு நர்சரிக்காரர்கள் வைத்துப் பார்த்துத் தோற்றிருந்தார்கள். ஊரில் அந்தக் குன்றுக்குக் கன்னுதின்னி மலை என்று பெயரே வைத்துவிட்டார்கள். சரியான பெயரைச் சொன்னால் கூட்டம் வந்து கிளையை ஒடிக்கும் என்று அடிவாரத்துக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், ஆகவே நானும் கன்னுதின்னி என்றே சொல்கிறேன்.

“இந்த மலையும் வேணாம், உன் நாட்டுச் செடியும் வேணாம் பச்சையம்மா” என்றார் முதலாளி. “அந்தப் பாத்தியெல்லாம் எடுத்துட்டு லான் போடுவோம். பாம் மரம் வெப்போம். பிளாட் போடறவன் லாரியோட வந்து வாங்கிக்கினு போறான்.”

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டேன். செத்துக் கிடந்ததில் ஒன்றுகூட என் பிரிவுக் கன்று இல்லை. எல்லாம் வீட்டு வாசலில் தினம் தண்ணீர் குடித்து வளர்கிறவை. ரங்கநாதன் சார் கேட்டார் என்று முதலாளி அனுப்பியவை. பழி மட்டும் என் பாத்திக்கு. கையிலிருந்த மம்பட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

“அந்த மலையில ஒரு நாட்டுச் செடிய நான் நிக்க வெக்கறேன். நிக்கலைன்னா இந்த மம்பட்டிய இதே மேசை மேல வெச்சிட்டு வூட்டுக்குப் போறேன். அப்பால நீங்க லான் போடுங்க, இன்னா வேணா போடுங்க.”

ரங்கநாதன் சார் நெற்றி நாமம் சுருங்க என்னைப் பார்த்தார். “உன் மம்பட்டி எனக்கு எதுக்கும்மா? எனக்கு காயாம்பூ வேணும். இருக்குதா உங்கிட்ட?”

என்னிடம் இல்லை. யாரிடமும் இல்லை. ஊர் ஊராகக் கேட்டிருக்கிறார். ஒரு நர்சரிக்காரர் சங்குப்பூக் கொடியைக் கொடுத்து இதுதான் காயா என்று சத்தியம் செய்தாராம்.

“பெருமாளுக்கு காயாம்பூ வண்ணன்னு பேரு. என் கடையில காயாம்பூ கலர்னு பொடவ விக்கிறேன். பூவ நானும் பாத்ததில்ல, எங்கப்பாவும் பாத்ததில்ல” என்றார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தணிந்திருந்தது.

2. மம்பட்டிப் பிடி

மலையைப் பார்க்காமல் செடி பேசக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் நானும் எல்லப்பனும் ஏறினோம். எல்லப்பன் என்னோடு வேலை செய்தவன். குழி எடுப்பதில் அவனை அடிக்க ஆள் கிடையாது, குறை சொல்வதிலும்தான். பாறை பாதத்தைச் சுட்டது. புல் சருகாகிக் கிடந்தது. எங்கள் செம்பருத்தி நின்ற குழிகளில் ஓணான் குடியிருந்தது.

“அக்கா, இந்த மலையில கல்லு தான் மொளைக்கும். வா போலாம்.”

சன்னதிக்குப் பின்னால், வடக்குப் பக்கம், இரண்டு பாறைக்கு நடுவே ஒரு வெடிப்பு. அதிலிருந்து ஒரு புதர் எழுந்து நின்றது. ஆள் உயரம். கெட்டியான கரும்பச்சை இலைகள், எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தன. சுற்றிலும் எல்லாம் கருகிக் கிடக்க அது மட்டும் வெயிலைப் பற்றி எதுவும் தெரியாததுபோல் நின்றது. கிளை முழுக்கப் பச்சைக் காய்கள், மிளகைவிடக் கொஞ்சம் பெரியவை.

காசாச் செடி. நான் கையிலிருந்த மம்பட்டியைப் பார்த்தேன். எங்கள் பக்கம் மம்பட்டிக்குக் காசாக்கட்டையில்தான் பிடி போடுவார்கள். இரும்பு தேய்ந்து போகும், பிடி தேயாது. காசாப் பழம் தின்றால் நாக்கு ஊதாவாகும். எல்லோருக்கும் தெரிந்த செடிதான். எல்லோரும் வெட்டி வெட்டி, இப்போது தேடினால் கிடைக்காத செடியும் அதுதான்.

கிளை ஒன்றை ஒடித்து ஈரத் துணியில் சுற்றி நர்சரிக்குக் கொண்டுபோனேன். முதலாளி அதைப் போட்டோ எடுத்து, தெரிந்த தாவரவியல் பேராசிரியர் அம்மா ஒருவருக்கு அனுப்பினார். அந்த அம்மா உடனே போன் செய்தார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

“காசான்னு நீங்க சொல்றதும் காயான்னு பெருமாளுக்குப் பாடறதும் ஒரே செடிதாங்க. நம்ம மண்ணோட செடி. பங்குனியில பூத்து முடிச்சிருக்கும். எங்க கெடைச்சுது உங்களுக்கு?”

ரங்கநாதன் சாருக்குச் சொல்லி அனுப்பினோம். கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். கிளையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்த மலைம்மா? ஏற்காடா, ஜவ்வாதா?”

“உங்க மலைதான் சார். சன்னதிக்குப் பின்னால நிக்குது. நீங்க சேவிச்சிட்டு அப்பிடியே திரும்பி எறங்கிடறீங்க. ஒரு சுத்து சுத்தி வந்திருந்தா பாத்திருப்பீங்க.”

எல்லப்பன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான்.

3. முறம்

ஆடியில் பழம் கறுத்தது. ஒரு கூடைப் பழம் பறித்தோம். சதையைப் பிசைந்து கழுவி, கொட்டையை எடுத்து, முறத்தில் பரப்பி, சாம்பல் தூவி வெயிலில் வைத்தோம். விதை என்றால் காய வைப்பது என்பதை எந்த நர்சரியிலும் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. கை தானாகச் செய்யும். வேப்பங்கொட்டைக்கும் நாவல் கொட்டைக்கும் அந்த விதி கிடையாது என்று தெரியும். அவற்றைத் தொட்டாலே உள் ஈரம் தெரிந்துவிடும். காசாக்கொட்டையோ நல்ல கெட்டி. கெட்டியான விதை காயக் காய நன்றாக இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். முதலாளியே வந்து வந்து முறத்தைத் திருப்பி வைத்தார்.

பாக்கெட்டில் மண் நிரப்பி ஊன்றினோம். பூவாளியில் தினம் தண்ணீர். ஆவணி முழுக்கக் காத்திருந்தோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. பாக்கெட்டில் அறுகம்புல் மட்டும் நன்றாக வந்தது.

முதலாளி லான் போடுகிறவரை வரவழைத்து என் பாத்தியை டேப்பால் அளக்கச் சொன்னார். நான் நிற்கிறேன், என் காலடியில் டேப் ஓடுகிறது. என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானம் பட்டதில்லை. மம்பட்டி கையில் கனத்தது. சொன்ன வார்த்தை வார்த்தைதானே, வைத்துவிட்டுப் போய்விடலாம் என்றே நினைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ரங்கநாதன் சார் வந்தார். வரிசை வரிசையாக நின்ற வெறும் பாக்கெட்டுகளைப் பார்த்தார். அவருக்கும் ஆற்றாமை.

“நானும் காயா காயான்னு தலப்பாடா அடிச்சிக்கினேன். நீங்க அத காய வெச்சே சாவடிச்சிட்டீங்களே!”

நான் பதிலுக்குச் சண்டை போட வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. காயா. காயாதது. காய வைக்கக் கூடாதது.

மீதமிருந்த கொட்டை ஒன்றை எடுத்துக் கவாத்துக் கத்தியால் இரண்டாக வெட்டினேன். மேலே கெட்டி. உள்ளே பருப்பு சுருங்கிப் பழுப்பேறிக் கிடந்தது. இன்னொன்றை வெட்டினேன். அதுவும் அப்படியே. முறத்தில் வைத்த அன்றே நாங்கள் எல்லாவற்றையும் கொன்றுவிட்டு, பிணத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

“சார், நீங்க சொன்னது தான் சரி” என்றேன்.

“நான் இன்னா சொன்னேன்?” என்றார் அவர். திட்டினது மட்டும்தான் அவருக்கு ஞாபகம்.

அந்தப் பெயருக்கு உண்மையில் அதுதான் பொருளா என்று எனக்குத் தெரியாது. தமிழ் வாத்தியார்களைக் கேட்க வேண்டும். செடிக்குப் பொருந்தியது, எனக்கு அது போதும்.

எல்லப்பனை இழுத்துக்கொண்டு மலைக்கு ஓடினேன். பழம் எல்லாம் போயிருந்தது. கொண்டைக்குருவிகள் தின்று தீர்த்திருந்தன. வடக்கே பாறை நிழலில் தாழ்ந்து கிடந்த கிளையில் மட்டும், வெயில் படாததால், காய் இன்னும் செங்காயாகவே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கிளைக்குக் குருவி வராமல் கொசுவலை கட்டினோம். கொசுவலை எல்லப்பன் வீட்டுடையது. அவன் பெண்சாதி இன்றுவரை என்னை அதற்காகத் திட்டுகிறாள்.

பழம் கறுத்த அன்று பறித்து, ஈரத் துணி விரித்த தூக்குச் சட்டியில் போட்டு, அப்படியே நர்சரிக்குக் கொண்டுவந்தோம். பிசைந்து கழுவிய கை ஈரம் காய்வதற்குள் மணல் பாத்தியில் ஊன்ற வேண்டும். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முதலாளி குடும்பத்தார் ஜைனர்கள்; பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். என்ன தலைபோகிற வேலையானாலும் அவர் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். பெரிய பெரிய ஆர்டர்களை நடுவில் விட்டுவிட்டு வண்டி ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். அன்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து ஊன்றினார்.

“மொதலாளி, பொழுது போவுது. சாப்பாட்டு நேரம்” என்றேன்.

“நீ ஊணு. ஒரு ராத்திரி சாப்பிடலைன்னா நான் காஞ்சிட மாட்டேன்.”

கடைசி விதையை மூடும்போது சூரியன் இறங்கிவிட்டது. அவர் கையைக் கழுவிக்கொண்டு பட்டினியாக வீட்டுக்குப் போனார். லான் பேச்சு பேசியதற்காக அவர்மேல் எனக்கிருந்த கோபம் அன்றோடு போயிற்று.

ஐப்பசி மழை பிடித்தபோது மணல் வெடித்து முளை வந்தது. எல்லப்பன் அந்தப் பாத்தியைச் சுற்றி ஆடியே விட்டான். விதைக் கொட்டகைச் சுவரில் நான் பெரிய எழுத்தில் பெயிண்டால் எழுதினேன்: காயாவைக் காய வைக்காதே. இன்றும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

4. தண்ணீர் திருடர்

காசா வளர்கிற வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முருங்கை கூரையைத் தொடுகிற நேரத்தில் இது இன்னும் இரண்டு இலை விடலாமா வேண்டாமா என்று யோசிக்கும். கீழே வேர் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆழமான பாக்கெட்டுக்கு மாற்றினேன்.

மலைக்குப் போகிற கன்றுக்கு நர்சரியிலேயே ஹார்டனிங் செய்ய வேண்டும். நிழல் வலையை எடுத்துவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வெயிலுக்குப் பழக்குவது. மருமகளை முதல் நாளே அடுப்படிக்கு அனுப்புகிற மாதிரி இல்லை. மெதுவாகச் செய்ய வேண்டும். இலை லேசாகத் துவளும்வரை விட்டு, பிறகு தண்ணீர்.

ஆனால் என் கன்றுகள் துவளவே இல்லை. மண்ணைத் தொட்டால் எப்போதும் ஈரம். எல்லப்பனைச் சந்தேகப்பட்டேன். அவன் அழாத குறையாக இல்லை என்றான். ஒரு மத்தியானம் சாப்பிடாமல் பாத்திக்குப் பின்னால் உட்கார்ந்து காவல் காத்தேன். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல், பூவாளியோடு வந்தார்.

“மொதலாளி!”

பூவாளியைக் கீழே போட்டுவிட்டார். “அய்ய, உயிரும்மா அது. வாடிக்கினு நிக்குது. பாத்துக்கினு எப்டி போறது?”

“இங்க வாடினா அங்க நிக்கும். இங்க நீங்க பாவம் பாத்தா அங்க மலை பாவம் பாக்காது.”

“சரி சரி. ஆனா ரொம்ப வாட விடாத.”

எறும்புப் புற்று இருந்தால் குழியைத் தள்ளி எடுக்கச் சொல்கிற மனிதர். அவரிடம் பேசிப் பயனில்லை. பூவாளி எல்லாவற்றையும் கொட்டகையில் போட்டுப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் கேட்கும்போதெல்லாம் சாவி காணோம் என்றேன்.

5. பார்டர்

அடுத்த வருஷ மழை தொடங்கியதும், நடுகிற நாளில் ரங்கநாதன் சார் கயிறும் சுண்ணாம்பும் கொண்டுவந்துவிட்டார். படியின் இரண்டு பக்கமும் கோடு போட வேண்டுமாம்.

“பொடவைக்கு ரெண்டு பக்கமும் பார்டர் வருது பாரு, அந்த மாதிரி. நூல் புடிச்சாப்ல. ஒரு கன்னு வெளிய போவக் கூடாது.”

“சார், இது மலை. தறி இல்ல.”

“பார்டர் கோணலா இருந்தா பொடவ யாரு வாங்குவா?”

“பாறை மேல கோடு போட்டு அந்தக் கோட்டுல குழி தோண்டித் தான போன வாட்டி எல்லாம் செத்துது? மழ பேஞ்சா தண்ணி எங்க நிக்குதோ அங்க தான் செடி. அந்தப் பெரிய செடி எங்க நிக்குது? வெடிப்புல. கல்லுக்கு வடக்கால. அது கிட்ட யாரு கயிறு புடிச்சாங்க?”

அவர் முகம் சிவந்தது. எனக்கும்தான். படியில் நின்றுகொண்டு நாங்கள் போட்ட சண்டையை அடிவாரத்தில் மாடு மேய்த்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். முதலாளி நடுவில் வந்து, “சார், கன்னு நின்னா பார்டர், சாஞ்சா ஒன்னுமே இல்ல. அந்தம்மா மம்பட்டிய வெச்சிப் பேசுது. விட்டுடுங்க” என்றார். சார் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெடிப்புகளைத் தேடித் தேடி நட்டோம். சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவத்தில் கல் அடுக்கினோம், ஓடுகிற தண்ணீர் நின்று இறங்குவதற்கு. கன்றைச் சுற்றிச் சருகு, சருகின் மேல் தட்டைக் கல். கல்லுக்குக் கீழே மண் குளிர்ச்சியாக இருக்கும். காலையில் தூக்கிப் பார்த்தால் அடியில் ஈரம் தெரியும். எல்லப்பன் குறையே சொல்லாமல் வேலை செய்தான். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

6. நகம்

மழைக்காலம் நல்லபடி போயிற்று. மாசி, பங்குனி தாங்கியது. சித்திரையில் மலை பழையபடி கருக ஆரம்பித்தது. அக்னி பிறந்ததும் எல்லப்பன் ஏறிப் பார்த்துவிட்டு வந்து திகைத்து நின்றான்.

“போச்சுக்கா. எல எல்லாம் சாம்பல் பூத்து மடிஞ்சிக்கினு இருக்குது.”

முதலாளியும் ரங்கநாதன் சாரும் அன்றே மலை ஏறினார்கள். நான் பின்னால் மம்பட்டியோடு ஏறினேன். கன்றுகள் பளபளப்பே இல்லாமல், இலை ஓரம் சுருண்டு நின்றன. சில இலை உதிர்ந்து கிடந்தது.

ரங்கநாதன் சார் ஒரு கன்றின் முன்னால் நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “விடும்மா. மலைக்குப் பேரு சும்மா வெக்கல” என்றார்.

முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. மம்பட்டியைத்தான் பார்த்தார்.

நான் மண்டி போட்டு உட்கார்ந்தேன். கட்டைவிரல் நகத்தால் தண்டின் தோலைக் கொஞ்சமாகக் கீறினேன். செடி செத்ததா இல்லையா என்று நர்சரிக்காரர்கள் இலையைக் கேட்க மாட்டோம். தோலுக்கு அடியில் கேட்போம். பழுப்பு என்றால் முடிந்தது. கீறிய இடத்தில் பச்சை எழுந்தது. ஈரப் பச்சை.

“சார், குனிஞ்சி பாருங்க.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்தார். அடுத்த கன்றைக் கீறினேன். பச்சை. அதற்கடுத்தது. பச்சை. முதலாளி ஓடிப்போய் மேலே இருந்த கன்றைத் தானே கீறிப் பார்த்து, அங்கிருந்தே கத்தினார்: “இருக்குது! பச்ச இருக்குது!”

“வெயிலுக்கு வாய மூடிக்கினு ஒக்காந்திருக்குது. அவ்ளோ தான்” என்றேன். “இப்ப யாரும் ரொம்ப கீறாதீங்க. பாவம்.”

வெப்பச்சலன மழை ஒன்று பெய்தது. கன்றுகள் இலையை விரித்தன. அதற்குப் பிறகு எத்தனை கோடை வந்தும் அவை எங்களைப் பயமுறுத்தவில்லை. எங்கோ சில போயின; போன இடத்தில் திரும்பவும் வைத்தோம். குன்றின் வடக்கு முகம் முழுக்கக் கரும்பச்சைத் திட்டுக்கள் ஏறின. தென்னேரிக்கரையில் நின்று பார்த்தாலே தெரியும். அடிவாரத்துக்காரர்கள் கன்னுதின்னி என்று சொல்வதை விட்டுவிட்டார்கள். என் பாத்தியில் யாரும் டேப் பிடிக்கவில்லை. பக்கத்தில் பாம் மரத்துக்கு ஒதுக்கிய இடத்தையும் முதலாளி நாட்டுச் செடிக்கே கொடுத்தார்.

7. கலர்

சில வருஷம் கழித்து, ஒரு பங்குனிக் காலையில், எல்லப்பன் மலையிலிருந்து போன் செய்தான்.

“அக்கா, வா. இன்னான்னு கேக்காத. மொதலாளியையும் இட்டுக்கினு வா.”

நாங்கள் போவதற்குள் ரங்கநாதன் சார் வந்துவிட்டிருந்தார். படியில் செருப்பு கிடந்தது. அவர் ஒரு செடியின் முன்னால் கைகூப்பி நின்றிருந்தார்.

இலைக்குக் கீழே, வெறுந்தண்டில், பூ. குண்டூசித்தலை அளவு பூக்கள் தண்டு தெரியாமல் மொய்த்துக்கொண்டு. நீலம் என்றால் நீலம், ஊதா என்றால் ஊதா. வெயில் திரும்பினால் அதுவும் மாறியது. நாங்கள் நட்ட செடிகளில் பூத்த முதல் பூ. வெடிப்பில் நின்ற பெரிய செடி பங்குனிதோறும் பூத்தது; ஆனால் நட்டது பூக்காமல் பார்க்க மாட்டேன் என்று சார் அப்போதெல்லாம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

சார் பையிலிருந்து ஒரு பட்டுத் துண்டை எடுத்தார். அவர் கடையின் காயாம்பூ கலர். அதைப் பூவோடு சேர்த்துப் பிடித்தார். பட்டு கிட்டத்தட்டக் கருப்பு. மைக்கூடு கவிழ்ந்த நீலம். பூவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

“தலமொற தலமொறையா தப்பு கலர வித்துக்கினு இருந்திருக்கோம்மா” என்றார். சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “கொணாந்து காட்டிட்ட. எங்கப்பா இருந்திருக்கணும்.”

முதல் கிளை சன்னதிக்குப் போயிற்று. பெருமாள் திருமுடியில் அந்தப் பூவைப் பார்த்தபோதுதான் காயாம்பூ வண்ணன் என்ற பெயர் ஏன் வந்தது என்று எங்களுக்கு விளங்கியது. இரண்டாவது கிளை சாயப்பட்டறைக்குப் போயிற்று. இந்தக் கலர் வரும்வரை விட மாட்டேன் என்று சார் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து சாயக்காரரின் உயிரை எடுத்தார் என்று கேள்வி. இப்போது கடையில் அந்தப் புடவை தொங்குகிறது. பழையதையும் விற்கிறார், ஆனால் அதற்குப் பெயரை மாற்றிவிட்டார்.

பூவைப் பார்த்த மறுநாள் காலை நான் நர்சரிக்குப் போனேன். முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். மம்பட்டியை மேசைமேல் வைத்தேன். அவர் அவசரமாக டம்ளரை எடுத்துக்கொண்டார்.

“இன்னா இது? தோத்தா தான வெக்கறேன்னு சொன்ன?”

“தோத்து வெச்சிருந்தா தொரத்தி உட்டீங்கன்னு ஊரு பேசும். இப்ப நானா வெக்கறேன். மூட்டு வலிக்குது மொதலாளி, ரெஸ்ட்டு வேணும்.”

அவர் மம்பட்டியின் காசாப் பிடியைத் தடவிப் பார்த்தார். பிறகு, “அப்ப ஆடியில பழம் எடுக்க யாரு மலை ஏறுவா?” என்றார்.

“நான் தான். பழம் எடுக்க மம்பட்டி எதுக்கு?”

புதிதாக வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. விதை கைக்கு வந்ததும் வழக்கப்படி முறத்தில் போடாதீர்கள். முதலில் ஒன்றை வெட்டி உள்ளே பாருங்கள். வாடிக்கையாளர் திட்டினால் முழுவதும் திட்டி முடிக்க விடுங்கள், நடுவில் ஏதாவது உருப்படியாக விழும். செடி செத்துவிட்டது என்று யார் சொன்னாலும் நகத்தால் கீறிப் பார்க்காமல் நம்பாதீர்கள். ஆடி மாசம் கன்னுதின்னிக்கு வாருங்கள். நான் வடக்குப் பக்கம் இருப்பேன். ஈரத் துணி ஒன்று கொண்டுவாருங்கள், இப்போது என்னிடம் இருக்கிற துணி போதவில்லை; அவ்வளவு பழம்.